டால்பட்டில் நினைவிடமும் உழவுத் தொழிலாளர் தலைவர் லவ்லெஸும்

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் மாவட்டத்தில், டால்பட்டில் என்னும் சிற்றூர் உளது. ஜார்ஜ் லவ்லெஸ் என்னும் உழவுத் தொழிலாளியும் அவரைச் சார்ந்த ஐவரும் சங்கம் அமைத்தமை காரணமாக 1834-இல் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்குரிய நினைவிடம் இவ்வூரே. இங்கு முதன்மையாகக் காணத்தக்கவை ஒரு மரமும், ஒரு குடிலும், ஒரு கல்லறையும், ஆறு வீடுகளுமே ஆகும். இவை ஒவ்வொன்றும் வரலாற்றின் ஒரு கூற்றுக்குச் சான்றாய் நிற்கின்றன.

ஊர்ப் பொதுவிடத்தில் நிற்கும் சைக்கமோர் மரம் 1680-களில் முளைத்ததென 2005-இல் கணித்தனர். வாரக்கூலி பத்து ஷில்லிங் வேண்டுமெனத் தொழிலாளர் கேட்க, நிலக்கிழார்கள் அதனை ஒன்பதாகவும் எட்டாகவும் பின்னர் ஏழாகவும் குறைத்தனர். ஆறாகும் என்ற எச்சரிக்கையும் வந்தது. தொழிலாளர் இம்மர நிழலிற் கூடிப் பேசினர் என்பது மரபு.

தாமஸ் ஸ்டான்ஃபீல்டு என்பவரின் குடில் இன்னும் அழியாதுளது. 1833 டிசம்பரில் அதன் மேலறையில் புதிய உறுப்பினர் கண்கள் கட்டப்பட்டு உறுதிமொழி கூறினர். வழக்கின் உயிர்நிலை ஈண்டே உளது. சங்கம் கூடுதலைத் தடுத்த சட்டங்கள் 1824-இலேயே நீக்கப்பட்டமையின், சங்கம் அமைத்தல் குற்றமாகாது. எனவே, கடற்படைக் கலகத்தை ஒடுக்க 1797-இல் இயற்றப்பட்ட கள்ள உறுதிமொழிச் சட்டத்தை ஆட்சியாளர் தேடி எடுத்தனர். கலப்பை பிடித்தவர் மீது கப்பற்படைக்குரிய சட்டம் பாய்ந்தது! அவ்வுறுதிமொழியைத் தமிழில் வஞ்சினம் என்றல் பொருந்தாது. வஞ்சினத்திற்குரிய பகையும் சினமும் அதன்கண் இல்லை. சூள் என்றலே சாலும்.

1834 மார்ச்சில் டார்செஸ்டர் நகர நீதிமன்றம் அறுவர்க்கும் ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை விதித்தது. லவ்லெஸ் வான் டீமன் நிலத்திற்கும், ஏனையோர் நியூ சவுத் வேல்சுக்கும் அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் இலண்டனில் பெருந்திரளான தொழிலாளர் ஊர்வலமாகச் சென்று முறையிட்டனர். கிளர்ச்சி ஓயாமையின் 1836-இல் முழு மன்னிப்புக் கிடைத்தது. 1837-இல் திரும்பிய லவ்லெஸ், தாமுற்றவற்றை அவ்வாண்டே ஒரு சிறுநூலாக எழுதினார். இலக்கிய மாணவர் அந்நூலை வரலாற்றாசிரியர்க்கே விட்டுவிடுதல் தகாது. அஃது இரக்கம் வேண்டி நிற்கும் நடையன்று; வழக்குரைக்கும் நடை. சமயச் சொற்பொழிவாற்றிப் பழகியவர் அவர் என்பதை அந்நடை காட்டும்.

எனினும், அவர் கல்லறையை இவ்வூரிற் காண இயலாது. அவரும் நால்வரும் பின்னர்க் கனடாவிற் குடியேறினர். லவ்லெஸ் 1874-இல் ஆண்டேரியோவில் மறைந்தார். ஊருக்குத் திரும்பி அங்கேயே வாழ்நாளைக் கழித்தவர் ஜேம்ஸ் ஹாமட் ஒருவரே. சூள் கூறிய கூட்டத்தில் அவர் இருந்திலர் என்றும், தம் தம்பிக்காகத் தண்டனையை ஏற்றார் என்றும் கூறுவர். தம் துன்பத்தை அவர் நூலாக எழுதிவைத்திலர். முதுமையில் டார்செஸ்டர் ஏழையர் விடுதியில் 1891-இல் இறந்தார். அவர் கல்லறைக்கு எரிக் கில் என்னும் சிற்பி செதுக்கிய கல் 1934-இல், தண்டனையின் நூற்றாண்டில், நடப்பட்டது. எழுதிய தலைவருக்கு நூல் நின்றது. எழுதாதவருக்குக் கல் நின்றது.

அந்நூற்றாண்டிலேயே தொழிற்சங்கப் பேரவை, முதிய உழவுத் தொழிலாளர் குடியிருக்க ஆறு வீடுகளைக் கட்டி, அறுவர் பெயரையும் வீட்டிற்கொன்றாக இட்டது. அவற்றின் நடுக்கூடமே இன்று அருங்காட்சியகமாகும். அறுவரையும் ஆங்கிலத்தில் 'மார்ட்டியர்' என்பர். அச்சொல் உயிர்நீத்தோரையே முதன்மையாகக் குறிக்கும். இவர்களோ உயிருடன் மீண்டோர். தமிழில் வழங்கும் 'தியாகி' என்னும் சொல் இறப்பை வேண்டாமையின், இவர்களுக்கு மூலச்சொல்லினும் நன்கு பொருந்துகிறது.