நாகர்கோவில் லேஸும் கைப்பின்னல் அணிகலன்களும்

நாகர்கோவில் லேஸ் என்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றிய பெண்களின் கைத்தொழில் ஆகும். நூலைக் கொண்டு துளைகளும் பூக்களும் அமையுமாறு பின்னப்படும் மெல்லிய அலங்கார வேலையே லேஸ் எனப்படுகிறது. இத்தொழிலின் தொடர்ச்சியாகவே குரோஷா எனப்படும் கொக்கி ஊசிப் பின்னலும், மணி கோத்த காதணி, கழுத்தணி முதலியவற்றைச் செய்து விற்கும் இன்றைய வீட்டுத் தொழிலும் இப்பகுதியில் பார்க்கப்பட வேண்டும். இக்கட்டுரை அத்தொழிலின் வரலாறு, செய்முறை, விலை நிர்ணயம், விற்பனை ஆகியவற்றை விளக்குகிறது.

தோற்றம்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிப் பகுதியில் இருந்தது. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூரில் பணியைத் தொடங்கி, மயிலாடியை மையமாகக் கொண்டார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் 1818-இல் மையத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1819-இன் இறுதியில் சார்லஸ் மால்ட், அவருடைய மனைவி மார்த்தா மால்ட் ஆகியோர் நாகர்கோவில் வந்து சேர்ந்தனர்.

மீட்டின் மனைவி யோவன்னாவும் மார்த்தா மால்ட்டும் பெண் குழந்தைகளுக்கான தங்கிப் படிக்கும் பள்ளியை நடத்தினர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். அனுப்பப்பட்ட பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் பணம் வேண்டியிருந்தது. இந்த இரண்டு சிக்கல்களுக்கும் விடையாக 1820-களின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னலைப் பள்ளியில் கற்பித்தார். பின்னிய லேஸை இந்தியாவில் இருந்த ஐரோப்பியக் குடும்பங்களும் இங்கிலாந்தில் இருந்தவர்களும் வாங்கினர். அந்த வருவாய் பள்ளி நடக்க உதவியது. பின்னிய பெண்களுக்கும் கூலி கிடைத்தது.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அதே கால்டுவெல்தான். தமிழை நன்கு அறிந்திருந்த எலைசா, தாயிடம் கற்ற லேஸ் வேலையை திருநெல்வேலிப் பகுதியின் இடையன்குடிக்குக் கொண்டுசென்று அங்குள்ள பெண்களுக்குக் கற்பித்தார். கால்டுவெல்லை அறிந்த மாணவர்கள் பலர் எலைசாவை அறிவதில்லை.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இத்தொழில் வேறொரு வழியில் வளர்ந்தது. 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்தர் அங்கு ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் பணியைத் தொடங்கினார். அவர் நிறுவிய துறவற சபை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. லேஸும் பூத்தையலும் முளகுமூடு கன்னியர் மடத்தோடு சேர்ந்து அறியப்பட்ட வேலைகளாயின.

சமூகப் பின்னணி

லேஸ் வேலை வெறும் பொழுதுபோக்காக இங்கு வரவில்லை என்பதை அக்காலச் சூழல் காட்டுகிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் அரச பிரகடனத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்களை விடுவித்துக்கொண்டனர் என்று மிஷன் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. ஒரு பெண் தன் கைவேலையின் விலையைக் கொண்டு தன்னையே மீட்டாள் என்றால், அந்த வேலையின் மதிப்பை வேறு எப்படி அளப்பது?

தோள்சீலைப் போராட்டமும் இதே காலத்தது. 1829-ஆம் ஆண்டுப் பிரகடனம் நாடார் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் எனும் சட்டையை மட்டும் அனுமதித்து, தோள்சீலையை மறுத்தது. 1859 ஜூலை 26-ஆம் நாள் பிரகடனம் நாடார் பெண்கள் மேலுடை அணியும் உரிமையை ஏற்றது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனை அதிலும் இருந்தது. ஆகவே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், பிறருடைய உடைக்கு அழகூட்டும் லேஸைப் பின்னிய பெண்களில் பலர், தங்கள் தோளை மூடவே போராட வேண்டியிருந்தது.

இருவகைப் பின்னல்

மார்த்தா மால்ட் கற்பித்தது திண்டு லேஸ் ஆகும். உருளை வடிவத் திண்டின் மேல் துளையிட்ட வடிவத் தாளை வைத்து, துளைகளில் குண்டூசிகளைக் குத்துவர். பல நூல்களின் முனைகளும் பாபின் எனப்படும் சிறு மரக்குச்சிகளில் சுற்றப்பட்டிருக்கும். குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றியும் முறுக்கியும் ஊசிகளைச் சுற்றிப் பின்னுவர். இதற்கு நல்ல வெளிச்சமும், ஒரே இடத்தில் நெடுநேரம் அமரும் பழக்கமும் தேவை.

குரோஷா வேறு. இதற்கு ஒரு கொக்கி ஊசியும் ஒரே நூலும் போதும். ஒரு கண்ணியின் வழியே அடுத்த கண்ணியை இழுப்பதே இதன் அடிப்படை. அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, கன்னியர் மடங்களும் பிறரும் இவ்வேலையைப் பெண்களுக்குக் கற்பித்தனர். அதனால் பல குடும்பங்கள் பிழைத்தன. ஆந்திரத்தின் நரசாப்பூரிலும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகவே குரோஷா பரவியது. ஊசியையும் நூலையும் மடியில் வைத்துக்கொண்டு எங்கும் செய்யலாம் என்பதால், திண்டு லேஸ் குறைந்த இடங்களிலும் குரோஷா நிலைத்தது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திண்டு லேஸைப் போலத் தோன்றும் துணியை ஆலை இயந்திரங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே நெய்யத் தொடங்கிவிட்டன. குரோஷாவை அப்படியே பின்னும் இயந்திரமோ ஆலைகளில் புழக்கத்துக்கு வரவில்லை. கடைகளில் குரோஷா போலத் தெரியும் மலிவான துணி வேறு பின்னல் இயந்திரங்களில் செய்யப்பட்ட சாயல் மட்டுமே. உண்மையான குரோஷா ஒன்று எவ்வளவு மலிவாக விற்கப்பட்டாலும், அதை எங்கோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார்.

செய்முறை

பருத்தி நூலில் எண் கூடக்கூட நூல் மெலியும். 10-ஆம் எண் நூல் தடிமனானது. 40-ஆம் எண் நூல் மெல்லியது. புதிதாகக் கற்பவர் 10-ஆம் எண் நூலும் ஏறத்தாழ 1.5 மி.மீ. எஃகு ஊசியும் கொண்டு தொடங்கலாம். ஒரு சிறு பூக் காதணி பின்வருமாறு செய்யப்படுகிறது.

1. ஆறு சங்கிலிக் கண்ணிகள் போட்டு, முதல் கண்ணியோடு இணைத்து வளையமாக்க வேண்டும்.
2. வளையத்துக்குள் பன்னிரண்டு ஒற்றைக் கண்ணிகள் போட வேண்டும்.
3. ஒரு கண்ணியில் இரண்டு சங்கிலி, இரண்டு இரட்டைக் கண்ணி, மீண்டும் இரண்டு சங்கிலி போட்டு, அடுத்த கண்ணியில் இணைத்தால் ஓர் இதழ். இவ்வாறு இரண்டு கண்ணிக்கு ஓர் இதழாக ஆறு இதழ்கள் அமையும்.
4. நூல் முனையைப் பின்புறக் கண்ணிகளில் கோத்து மறைத்த பிறகே வெட்ட வேண்டும். முடிச்சிட்டு ஒட்ட வெட்டினால் சில நாளில் பிரியும்.

மணி சேர்க்க வேண்டுமானால், பின்னத் தொடங்கும் முன்பே தேவையான மணிகளை எண்ணி நூலில் கோத்துக்கொள்ள வேண்டும். வேண்டிய இடத்தில் ஒரு மணியை ஊசியருகே தள்ளிக் கண்ணியை முடித்தால் மணி பூட்டிக்கொள்ளும். பாதியில் மணி குறைந்தால் நூலை வெட்டாமல் சேர்க்க முடியாது. ஆகவே கணக்கில் இரண்டு மூன்று மணி கூடுதலாகவே கோப்பது வழக்கம்.

பூ விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி போடுவது பழைய முறை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. ஈரப்பதத்தில் கஞ்சி இளகும், பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் அரிக்கும். நீரில் கரைத்த துணிப் பசையைத் தடவி, ஊசி குத்தி வடிவம் நிறுத்தி உலர்த்துவது மேல். கடற்காற்றில் மலிவான காது கம்பிகள் துருப்பிடிக்கும். நிக்கல் கலந்த கம்பி சிலருக்குக் காதில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும். துருப்பிடிக்காத எஃகு அல்லது வெள்ளிக் கம்பி பயன்படுத்தினால் விலை சற்றுக் கூடினாலும் வாங்கியவர் மறுபடி வருவார்.

மணி மரபு

தமிழகத்தில் மணி வேலை மிகப் பழையது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. கொடுமணலில் கல்மணிகள் செய்யப்பட்டதற்கான சான்றுகள் உள்ளன. பாசிமணி கோத்து விற்பதை வாழ்வாகக் கொண்டவர்கள் நரிக்குறவர் சமூகத்தினர். நீண்ட காலக் கோரிக்கைக்குப் பின், 2023-இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால் இவர்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். கடற்கரைச் சுற்றுலா இடங்களில் அவர்கள் விற்கும் மாலையும், வீட்டுப் பெண்கள் இணையத்தில் விற்கும் மாலையும் ஒரே தொழிலின் இரு முகங்களே.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் வேறு வகை. வெள்ளியில் செய்து, சிவப்புக் கற்கள் பதித்து, பொன் தகடு போர்த்தப்படும் இந்நகைகள் நாகர்கோவில் கோயில் நகைகள் என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றவை. நரசாப்பூர் குரோஷா லேஸும் 2024-இல் இக்குறியீட்டைப் பெற்றது. ஊரின் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காப்பதே இக்குறியீட்டின் பயன். கூலியை உயர்த்தும் வேலையை அது தானாகச் செய்வதில்லை.

விலை நிர்ணயம்

இத்தொழிலில் பெரும்பாலோர் இழப்பது இந்த இடத்தில்தான். ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் நரசாப்பூர் லேஸ் தொழிலாளர்களைப் பற்றி 1982-இல் வெளியிட்ட நூல் இதைத் தெளிவாக்கியது. பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னினர்; வணிகமும் ஏற்றுமதியும் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்தன. பின்னியவர்கள் தொழிலாளிகளாக எண்ணப்படவில்லை. ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டனர். அதனால் கூலி மிகக் குறைவாகவே நின்றது.

இன்றும் "சும்மா இருக்கிய நேரத்துல செய்யியதுதானே, கொறச்சுத் தாங்க அக்கா" என்று கேட்பவர் உண்டு. இதற்கு விடை கோபம் அன்று, கணக்கு.

எடுத்துக்காட்டாக ஒரு கைப்பையைக் கொள்வோம். நூல் 60 ரூபாய், உள்துணியும் ஜிப்பும் 25 ரூபாய், உறை 5 ரூபாய். ஆகப் பொருட்செலவு 90 ரூபாய். பின்னும் நேரம் 4 மணி. மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்தால் 240 ரூபாய். மொத்தம் 330 ரூபாய். நேரில் விற்றால் இதுவே மிகக் குறைந்த விலை.

கடைக்காரர் விற்ற விலையில் 30 விழுக்காடு தரகு எடுப்பதாகக் கொள்வோம். பலர் 330-உடன் அதன் 30 விழுக்காடான 99-ஐக் கூட்டி 429 என்று விலை போடுவர். கடைக்காரரோ 429-இல் 30 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 129 ரூபாய் எடுத்துக்கொள்வார். கையில் வருவது 300. பொருட்செலவு போக 210; மணிக்கு 52 ரூபாய் 50 காசு. சரியான முறை 330-ஐ 0.7-ஆல் வகுப்பது. விடை ஏறத்தாழ 472 ரூபாய். ஏழாம் எட்டாம் வகுப்பு விழுக்காட்டுக் கணக்குதான். தவறினால் ஒவ்வொரு பையிலும் 30 ரூபாய் போகிறது.

வடிவத்தைத் திட்டமிட்ட நேரம், பிரித்துப் பின்னிய நேரம், அஞ்சலகத்துக்குப் போய்வந்த நேரம் ஆகியவையும் வேலை நேரமே. கடிகாரத்தைப் பார்த்து ஒரு வாரம் குறித்து வைத்தால்தான் உண்மையான கணக்கு கிடைக்கும்.

விற்பனை வழிகள்

• மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக அரசுக் கண்காட்சிகளிலும் "மதி" விற்பனை அங்காடிகளிலும் பொருள் வைக்கலாம்.

• மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை பெற்றவர்கள் கைவினைத் துறையின் கண்காட்சிகளுக்கும் பயிற்சிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

• வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக நேரடியாக விற்கும்போது தரகு இல்லை. பொருளைப் பகல் வெளிச்சத்தில், அளவு தெரியும்படி ஒரு ரூபாய் நாணயத்தின் அருகில் வைத்துப் படமெடுப்பது நல்லது. அளவு தெரியாமல் வாங்கியவரே பெரும்பாலும் திருப்பி அனுப்புகிறார்.

• சொன்ன வண்ணத்தில் செய்துதரும் வேலைக்குப் பாதித் தொகையை முன்பணமாகப் பெறுவது வழக்கமாக வேண்டும்.

கடற்கரை ஊர்களில் சங்கு, சிப்பி சேர்த்து அணிகலன் செய்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சில சங்கு, சிப்பி இனங்களும் பவளமும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வாங்கும் இடத்தில் இனம் அறிந்து வாங்க வேண்டும்.

முடிவுரை

இருநூறு ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் பின்னக் கற்ற சிறுமிகளின் பெயர்களில் பெரும்பாலானவை எழுதப்படவில்லை. கற்பித்தவர்களின் பெயர்களே எஞ்சியுள்ளன. அவர்கள் பின்னிய லேஸ் கடல் கடந்து சென்றது. கூலி அவர்களிடம் வந்தது. அந்தக் கூலி சிலருக்கு விடுதலையாகவும் சிலருக்குப் படிப்பாகவும் ஆனது. இன்று குரோஷா கற்கும் மாணவி தன் பெயரைத் தன் பொருளின் சிறு அட்டையில் எழுதி, மணிக்கணக்கைக் குறித்து, வகுத்து விலை சொல்வாளாயின், அத்தொழில் ஒரு படி முன்னே வந்துவிட்டது என்று கொள்ளலாம்.