புளித்த மண்ணும் சுண்ணாம்புக் கல்லும்

வெலிமடையிலே தேயிலையும் காய்கறியும் அயல் நிலங்களில் வளர்கின்றன. ஆயினும் இரண்டின் விருப்பமும் வேறு. பி.எச். 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண்ணே தேயிலைக்கு உகந்தது. கோவாவும் போஞ்சியும் அத்தகைய மண்ணிற் சோர்ந்துவிடும். அங்கே அலுமினியம் கரைந்து வேரின் வளர்ச்சியைத் தடுக்கும். பசளையிலுள்ள பொசுபரசும் பயிருக்கு எளிதிற் கிட்டாது. உழவனின் பணம் வீணாகும்.

இதற்கு மருந்து டொலமைற்றுத் தூள். ஐதரோகுளோரிக்கமிலமும் சோடியமைதரொட்சைட்டும் சேர்ந்தால் கறியுப்பும் நீரும் உண்டாவதை மாணவர் அறிவர். மண்ணிலும் அவ்வாறே மூலம் அமிலத்தைத் தணிக்கின்றது. டொலமைற்று காபனேற்றாதலால், நீருடன் காபனீரொட்சைட்டும் தோன்றும். கல்சியமும் மகனீசியமும் பயிருக்கு உணவாகும்.

ஆனால் அளவு மிஞ்சினால் உருளைக்கிழங்கிற் சொறிநோய் மலியக்கூடும். ஆகவே, முதலில் மண்ணைச் சோதித்தறிக. பின்னரே தூளை இடுக.