மேஸ்திரி கற்கவேண்டிய பாடம்

லிட்டில் அந்தமானின் ஹட்பேயில் ஒரு வீடு கட்டும் வேலையை நீங்கள் ஒப்பந்தம் எடுத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இராமநாதபுரத்திலிருந்து 10 பேரை முன்பணம் கொடுத்து அழைத்து வந்தாயிற்று. அவர்கள் ஆறே நாட்களில் அஸ்திவாரக் குழியைத் தோண்டி முடிக்கிறார்கள். சிமெண்டும் கம்பியுமோ சென்னையில் கப்பலேறி, போர்ட் பிளேரில் இறங்கி, மறுபடியும் வேறு கப்பலேறி உங்களிடம் வந்துசேர 30 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 24 நாட்களுக்கு அந்தப் பத்துப் பேருக்கும் சோறு போடுவது யார்? நீங்கள்தான். 240 ஆள்நாள் உணவு, ஒரு செங்கல்லும் எழும்பாமல்!

இந்த நஷ்டத்துக்குக் கடலைக் குறைசொல்லிப் பயனில்லை. முப்பது நாள் ஆகுமென்பது முன்னமே தெரிந்ததுதான். எந்த வேலைக்கு எந்த வேலை காத்திருக்கிறது என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கவில்லை, அவ்வளவே. அப்படி எழுதிப் பார்க்கும் கல்விக்குத்தான் திட்ட மேலாண்மை என்று பெயர். பெயரைக் கேட்டதும் அது ஆபீசில் குளிரூட்டிய அறைக்குள் இருப்பவர்களுக்குரியது என்று அநேகர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் மேஸ்திரிமார் அதில் பாதியை வாழ்நாளெல்லாம் செய்துவருகிறவர்களே. ஆளைத் திரட்டுவதும், சாமானைக் கணக்கிடுவதும், கொத்தனாரையும் தச்சரையும் மோதாமல் நடத்துவதும் அவர்களுக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. குறைவாயிருப்பது எழுத்துப் பாதி.

மேற்சொன்ன வீட்டையே தொடர்ந்து பார்ப்போம். சாமான் வர 30 நாள், அஸ்திவாரம் போட 8 நாள், சுவர் எழுப்ப 20 நாள், கூரைக்கு 10 நாள். ஒன்று முடிந்தே மற்றொன்று தொடங்கக்கூடும்; ஆகவே மொத்தம் 68 நாள். குழி தோண்டும் 6 நாள் அந்த முதல் 30 நாட்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சுவர் தொடங்கும் நாளில் கதவு, ஜன்னல் நிலைகள் வேண்டும். அவற்றுக்குத் தச்சருக்கு 15 நாள் போதும். ஆகையால் தச்சர் பத்து நாள் தாமதித்தாலும் வீடு தாமதிக்காது. கப்பல் பத்து நாள் தாமதித்தாலோ 68 என்பது 78 ஆகிவிடும். தாமதத்தைச் சற்றும் பொறுக்காத இந்தச் சங்கிலியையே பொறியாளர்கள் 'கிரிட்டிக்கல் பாத்' என்கிறார்கள். 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனம் இரசாயனத் தொழிற்சாலை வேலைகளுக்காக இம்முறையை வகுத்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கடற்படையும் ஏவுகணைத் திட்டத்துக்கென இதைப் போன்றதொரு முறையை அமைத்துக்கொண்டது. சபைக் கட்டடக் கமிட்டியில் இருந்தவர்களுக்கு அமெரிக்காவின் சாட்சி தேவையில்லை; கூரைத் தகடு வந்து இறங்கியிருக்கும், சுவர் எழும்பியிராது!

இனி மழையைப் பாருங்கள். அந்தமானில் மே மாதப் பிற்பகுதியில் தொடங்கும் மழை ஏறக்குறைய டிசம்பர்வரை விட்டுவிட்டுப் பெய்யும். மே 20க்குள் கூரை ஏறவேண்டுமானால், 68 நாள் பின்னோக்கி எண்ணினால் மார்ச் 13. அன்றைக்காவது சிமெண்டுக்குச் சொல்லியிருக்கவேண்டும். விவேகமுள்ளவர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டு, பிப்ரவரியில் ஆட்களுக்குக் கப்பல் டிக்கெட் எடுப்பார்.

பெரிய வேலைகளும் இதே கணக்கில்தான் நடக்கின்றன. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார் முதலிய தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போடப்பட்டது. 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைத்தார்கள். கடலடி ஆய்வு, அனுமதிகள், கேபிள் தயாரிப்பு, அதை இறக்கும் கப்பல், கரையேற்றும் நிலையங்கள் ஆகிய யாவும் ஒன்றையொன்று காத்திருக்கும் வேலைகள். கொரோனா காலமும் இடையில் வந்தது. ஆகிலும் இரண்டாண்டுக்குள் முடித்தார்கள்.

சரி, இதை எங்கே கற்பது? அமெரிக்காவிலும் கனடாவிலும் பல சமுதாயக் கல்லூரிகள், வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காக இதை மாலை வகுப்பாக நடத்துகின்றன. நம் நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தால் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு சென்னையிலும் ஒன்று எழுந்தது. பள்ளியை நடுவில் விட்டவருக்கும் தொழிற்கல்வி கிடைக்கவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். தீவுவாசிகளுக்கு, போர்ட் பிளேரை அடுத்த பஹார்காவிலுள்ள டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் உண்டு. உங்கள் மகனோ மகளோ அங்கே சிவில் படித்தால், கட்டுமான மேலாண்மைப் பாடத்தைக் கருத்தாய்ப் படிக்கச் சொல்லுங்கள். இக்னோ பல்கலைக்கழகத்தின் மண்டல மையமும் போர்ட் பிளேரில் உள்ளது. (2024இல் அவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்; நாவு இன்னும் பழைய பெயரையே சொல்லுகிறது.)

வகுப்புக்குப் போகக் கூடாதவர்கள் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கடலுக்கடியில் கிடக்கும் அந்தக் கேபிள் வழியாகத்தான் அவை உங்கள் செல்போனுக்கு வந்துசேரும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. 'பத்து நாளில் புராஜெக்ட் மேனேஜர்' என்று சுவரொட்டி ஒட்டிப் பெருந்தொகை கேட்பவர்கள் எந்த நகரத்திலும் உண்டு. பணம் கட்டுமுன், அந்தச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசுத் துறை வழங்குகிறது என்று எழுத்தில் கேளுங்கள். உலகெங்கும் மதிக்கப்படும் கேப்பம் சான்றிதழுக்கே பள்ளியிறுதிப் படிப்பும் 23 மணிநேர வகுப்பும் இருந்தால் தேர்வெழுதலாம். ஆனால் அதன் கட்டணம் டாலரில். மேஸ்திரிக்கு அது முதல் படியல்ல என்பது என் எண்ணம். டிப்ளமோ முடித்து வெளிநாடு செல்ல எண்ணும் மகனுக்கு ஒருவேளை உதவும்.

அதுவரை உங்கள் சைட் இன்ஜினியரிடம் பார் சார்ட்டைக் காட்டும்படி கேளுங்கள். இடப்பக்கம் வேலைகளின் பெயர், மேலே தேதிகள், நடுவே நீண்டும் குறுகியும் கட்டைகள். உங்கள் ஆட்களின் வேலை எந்தக் கட்டையில் தொடங்குகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். அதற்கு முந்திய கட்டை எப்போது முடியும் என்று கேட்டறிந்த பிறகே ஊருக்குப் போன் செய்து ஆள் அனுப்பச் சொல்லுங்கள்.