லைட் லைனில் பிளக் பாயிண்ட்: எதற்குத் தாங்கும், எதற்குத் தாங்காது?

சிவகிரி வட்டாரத்துப் பழைய வீடுகளில், ஓட்டு வீடானாலும் தளம் போட்ட வீடானாலும், அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. பிளக் பாயிண்ட் போதவில்லை. அறைக்கு ஒரு சுவிட்ச் போர்டு, அதில் ஒரே ஒரு பிளக். இப்போதோ வாசலுக்குக் கேமரா வேண்டும், கூடத்தில் உயரத்தில் வைஃபை பெட்டி வேண்டும், பிள்ளைத் தொட்டிலுக்கு மோட்டார் வேண்டும். "மேலே லைட்டுக்கு வயர் போகுதுல்ல, அதுலருந்து ஒண்ணு இழுத்துக் குடுங்கண்ணே" என்று வயர்மேனிடம் கேட்டுவிடுகிறோம்.

சின்ன லோடுக்கு லைட் லைனிலேயே பிளக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அதைக் கூரையில் தொங்கும் லைட்டிலிருந்து இழுக்கக் கூடாது. சுவிட்ச் போர்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். லைட்டுக்கு வந்து சேரும் இரண்டு வயரில் ஒன்று நியூட்ரல், மற்றது சுவிட்சைத் தாண்டி வரும் ஃபேஸ். அதில் பிளக் போட்டால், லைட்டை அணைத்ததும் கேமராவும் அணைந்துவிடும். பல்ப் ஹோல்டரில் மாட்டும் இரண்டு பின் அடாப்டருக்கும் இதே கதிதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் எர்த். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கிய காலத்தில் வீட்டுக்குக் கரண்ட் என்றால் முதலில் விளக்குதான். மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய இரண்டு வயரே அதற்குப் போதும். அந்தப் பழக்கத்தில் வயரிங் செய்த வீடுகளில் லைட் பாயிண்டுக்குப் பச்சை வயர் வந்திருக்காது. அங்கே மூன்று பின் சாக்கெட்டை மாட்டி, எர்த் துளைக்கு நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு வயரை லூப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது உயிரை வாங்கும் வேலை. வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தாலோ திருகு தளர்ந்தாலோ, ஃபேஸ் அந்தக் கருவிக்குள் புகுந்து, லூப் வழியாக அதன் இரும்பு உடம்புக்கே வந்து நிற்கும். தொட்டவர் மேல் 230 வோல்ட் பாயும். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன் என்பது இங்கே உதவாது. டெஸ்டர் எரிந்தால் ஃபேஸ் இருக்கிறது என்று மட்டுமே பொருள். எர்த் இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

அடுத்தது லோடு. ஒரு லைட் சர்க்யூட்டில் விளக்கு, ஃபேன், சின்ன பிளக் எல்லாம் சேர்த்து 10 பாயிண்ட், மொத்தம் 800 வாட் என்பது நம் நாட்டு வயரிங்கில் நெடுநாளாக வைத்திருக்கும் அளவு. 60 வாட் குண்டு பல்பு போய் 9 வாட் எல்.இ.டி. வந்ததால் இப்போது அதில் இடம் மிச்சமிருக்கிறது. வைஃபை பெட்டி, கேமரா, போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பழைய பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்றே 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 9 ஆம்பியரை நெருங்கும். கரண்ட் இரு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. அந்தச் சூடு முதலில் தெரிவது ஜாயிண்டில்: இன்சுலேஷன் பழுத்து, விரல் பட்டாலே உதிரும்.

லோடு கூடி 6 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆனால், அதைக் கழற்றிவிட்டு 16 அல்லது 20 போடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் மிக மோசமான ரிப்பேர். 1 ஸ்கொயர் செம்பு வயர் பைப்புக்குள் தாங்குவது ஏறத்தாழ 11 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்.சி.பி. டிரிப் ஆகும் முன்பே சுவருக்குள் வயர் வெந்துவிடும். அயர்ன் பாக்ஸ், இண்டக்ஷன், கீசர், வாட்டர் ஹீட்டர் ராடு எல்லாவற்றுக்கும் மெயின் போர்டிலிருந்தே எர்த்தோடு தனி லைன் வர வேண்டும், குறைந்தது 2.5 ஸ்கொயர், கீசருக்கு 4 ஸ்கொயர் நல்லது.

ஃபேஸ் எந்த சர்க்யூட்டோ, நியூட்ரலும் அதே சர்க்யூட்டிலிருந்துதான் வர வேண்டும். கிட்டத்தில் கிடைத்த நியூட்ரலை எடுத்துக் கோத்தால், ஆர்.சி.சி.பி. வைத்த வீட்டில் அது காரணமில்லாமல் விழுவதுபோலத் தெரியும். எரிச்சலில் அதையே பைபாஸ் செய்துவிடுவார்கள். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே லைனைத் துண்டிக்கும் அந்தக் கருவிதான், ஐப்பசி, கார்த்திகை மழையில் தளம் ஊறி பைப்புக்குள் நீர் இறங்கும் நாளில் குடும்பத்தைக் காப்பாற்றுவது.

புதிய பாயிண்ட் சேர்ப்பதை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமே செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். பல்பு, ஃபேன், சுவிட்ச் போன்றவற்றை உள்ளபடியே மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் இந்த உரிமத்தைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். ஆளைக் கூப்பிடும்போது உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அவர் ஏணியில் ஏறும் முன் நாம் சொல்ல வேண்டிய தகவல் ஒன்று உண்டு: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பது. இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் போகிறது. மெயினை ஆஃப் செய்த அடுத்த நொடியே, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் அதே லைட் லைனுக்கு 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். மெயினோடு இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்து, அதன் அவுட்புட் பிளக்கையும் கழற்றி வைத்த பிறகே வயரில் கை வைக்க வேண்டும்.