கடலுக்குள் நீண்ட ஓடுபாதை

1987-ல் ஹாங்காங்கில் முதன்முதலாக இறங்கியபோது எனக்கு வலப்பக்க ஜன்னல் கிடைத்தது. கௌலூன் பகுதி மாடி வீடுகளில் காயப்போட்ட துணிகள்கூடத் தெரிந்தன. விமானம் சாய்ந்து திரும்பி, மறுகணமே தரை தொட்டது. இரு பக்கமும் தண்ணீர். கதவு திறந்ததும் பக்கத்துக் கால்வாயின் சாக்கடை நாற்றம்.

நான் இறங்கிய காய் டாக் விமான நிலையம் என்றாலே அந்தத் திருப்பத்தைத்தான் பேசுவார்கள். மண் பரிசோதனையே தொழிலாக இருந்த எனக்குக் காலடித் தரைதான் பெரிதாகப் பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஹாங்காங் பிரிட்டிஷாரின் காலனி. அங்கிருந்த பழைய ஓடுபாதைகள் குட்டையானவை. ஒன்று சாலைக்குக் குறுக்கே ஓடியது. விமானம் வந்தால் வண்டிகளை நிறுத்திவைப்பார்கள். சுமார் 12 டன் எடையுள்ள டக்கோட்டா விமானத்துக்கு அது போதும். ஆனால் ஜெட் யுகம் வந்துகொண்டிருந்தது. போயிங் 707-இன் பெரிய வகைகள் 150 டன்வரை மொத்த எடையோடு கிளம்புபவை. அதோடு, வெப்பம் ஏறினால் காற்று லேசாகும். இறக்கைக்குத் தூக்குவிசையும் என்ஜினுக்கு வலுவும் குறையும். அதனால் இன்னும் நீளமாக ஓடித்தான் மேலெழ முடியும். வடக்கே மலைகள், சுற்றிலும் ஊர். மிச்சமிருந்தது கௌலூன் குடா மட்டுமே. தென்கிழக்கில் லெய் யூ முன் கடல்வாயை நோக்கிப் புதிய பாதையை நீட்டினார்கள்.

குன்றுகளை வெட்டி, அந்த மண்ணையும் கல்லையும் கடலில் கொட்டினார்கள். கொட்டிய மண் உடனே இறுகாது, வருஷக்கணக்கில் அமுங்கும். அமுங்கட்டும், ஆனால் சீராக அமுங்க வேண்டும். ஓரிடம் இரண்டு அங்குலமும் அடுத்த இடம் ஆறு அங்குலமும் இறங்கினால் ஓடுபாதை அலையலையாகிவிடும். வேகமாக ஓடும் சக்கரத்துக்கு அது ஆபத்து. இந்தக் கவலையோடு எத்தனையோ இரவுகள் விழித்திருந்தவன் நான். அதனால்தான் அந்தப் பெயர் தெரியாத பொறியாளர்கள்மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு.

1958 செப்டம்பரில் பாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,500 மீட்டர். 1970-ல் 300 டன்னுக்கு மேல் மொத்த எடையோடு கிளம்பக்கூடிய போயிங் 747 அதில் வந்திறங்கியது. பிறகு 3,390 மீட்டராக நீட்டினார்கள். 1998 ஜூலையில் மூடும்வரை அந்த நகரத்தின் பயணிகள் விமானங்கள் அனைத்தையும் தாங்கியது அந்த ஒற்றைப் பாதைதான்.

இப்போது அதன் நுனியில் பயணிகள் கப்பல் முனையம் நிற்கிறது. ஹாங்காங் போனால் அங்கே கொஞ்ச தூரம் நடந்துபாருங்கள். நீங்கள் மிதிப்பது ஒருகாலத்தில் குன்றாக இருந்த மண்.