ஸ்கூட்டரும் சுமையும்

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குச் செல்லும் சாலையின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால், இந்த வட்டாரத்தின் வாணிகம் முழுவதும் இரண்டு சக்கரங்களின்மேல் நம்மைக் கடந்து செல்வதைக் காணலாம். ஒருவர் வத்தல் மூட்டையை ஏற்றிச் செல்வார். மற்றொருவர் எண்ணெய் டின்னைப் பின்னால் வைத்துக் கட்டியிருப்பார். அச்சகத்திலிருந்து வரும் நாட்காட்டிக் கட்டுகளும், வீடுகளில் ஒட்டி முடித்த காலித் தீப்பெட்டிகள் நிறைந்த சாக்குகளும் அவர்களைத் தொடர்ந்து போகும்.

ஒரு நாள் மாலை அந்தச் சாலையில் ஒரு காட்சியைக் கண்டேன். முன்னே சென்ற ஸ்கூட்டர் ஒரு வேகத்தடையின்மேல் ஏறி இறங்கியது. பின்னாலிருந்த நாட்காட்டிக் கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாலையில் விழுந்தது. பின்னால் வந்த லாரி நல்லவேளையாகத் தொலைவிலேயே நின்றுவிட்டது. யாருக்கும் காயமில்லை. அருகே சென்று பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. கயிறு அறுபடவில்லை, முடிச்சும் அவிழவில்லை. கயிறு மாட்டப்பட்டிருந்த கொக்கிதான், தான் பிடித்திருந்த பிளாஸ்டிக் மூடியைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. சுமை கட்டுவதைப் பற்றிப் பேசுவோர் கயிற்றையும் முடிச்சையுமே பேசுகின்றனர். கயிறு எதில் கட்டப்படுகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அந்த இடத்தைக் 'கட்டு வளையம்' என்று அழைத்துக்கொண்டு, அதைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

ஸ்கூட்டர் என்னும் வண்டி சுமை வண்டியாகப் பிறந்ததன்று. 1946-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் பியாஜியோ நிறுவனத்தார் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டனர். அதை வடிவமைத்த கொர்ராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியியல் அறிஞர். குழாய்ச் சட்டம் ஒன்றை அமைத்து அதன்மேல் தகட்டைப் போர்த்தாமல், அழுத்தி வளைத்த எஃகுத் தகட்டையே வண்டியின் உடலாகவும் எலும்பாகவும் அவர் ஆக்கினார். அடுத்த ஆண்டு, 1947-இல், இன்னொசென்டி நிறுவனத்தாரின் லாம்பரெட்டா வந்தது. அதன் எலும்பு எஃகுக் குழாய். இவ்விரு வகை வண்டிகளும் பின்னர் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டன. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி, தமிழ்நாட்டுச் சிறு வணிகர்களின் கைவண்டியாகவே மாறிற்று.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றை அமைத்தவர்கள், ஓட்டுபவரையும் உடன் அமர்பவரையும் கருத்தில் கொண்டார்களேயன்றி, மூட்டையைப் பெரிதாகக் கருதவில்லை. பை மாட்ட ஒரு கொக்கியும், வேண்டுவோர்க்குப் பின்னால் ஒரு கேரியரும் அமைந்தால் அதுவே அதிகம். எனவே, சுமை ஏற்றுவோர் தாமே வளையம் பொருத்திக் கொள்ள வேண்டியதாயிற்று. அதைச் செவ்வனே செய்வதற்குச் சிறிது பௌதிக அறிவு வேண்டும்.

முதலில், சுமை ஏன் நகர்கிறது? ஓடுகின்ற பொருள் தன் ஓட்டத்தைத் தானாக விடுவதில்லை. இதனை முன்னாளில் சடத்துவம் என்றனர். இந்நாளில் நிலைமம் என்கின்றனர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஸ்கூட்டரை ஏறக்குறைய 12 மீட்டர் தூரத்திற்குள் நிறுத்துவதாகக் கொள்வோம். வண்டி நிற்கிறது, ஆனால் மூட்டை முன்னேறவே விரும்புகிறது. மூட்டையின் எடை 20 கிலோ என்றால், அது அப்போது சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னோக்கித் தள்ளும். இன்னும் கடுமையாகப் பிரேக்கை அழுத்தினால் இவ்விசை மேலும் மிகும். ஐரோப்பிய நாடுகளில் சரக்கு வண்டிகளில் சுமை கட்டுவதற்கு ஓர் அளவு வகுத்திருக்கிறார்கள். முன்புறமாக, சுமையின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்புறத்திலும் பாதிப் பங்கு விசையையும் கட்டு தாங்க வேண்டும் என்பது அது. நம் ஸ்கூட்டருக்கும் இந்த அளவையே வைத்துக்கொள்வது நல்லது. 20 கிலோ மூட்டைக்கு முன்புறம் 16 கிலோ, மற்றத் திசைகளில் 10 கிலோ.

இந்த 16 கிலோவை எது தாங்கும்? மூட்டைக்கும் கேரியருக்கும் இடையே உராய்வு உண்டு. அட்டைப் பெட்டி இரும்பின்மேல் இருக்கும்போது அந்த உராய்வு எடையில் ஏறக்குறைய கால் பங்கு என்று கொள்வோம். அப்படியானால் உராய்வு தாங்குவது 5 கிலோ. எஞ்சிய 11 கிலோவைக் கயிறுதான் தாங்க வேண்டும். அதற்கு இரு வழிகள் உள்ளன. கயிற்றை மூட்டையின் மேலாகப் போட்டுக் கீழ்நோக்கி இறுக்கி, உராய்வைப் பெருக்குவது ஒரு வழி. அவ்வாறு செய்தால், 11 கிலோ உராய்வைப் பெறுவதற்கு 44 கிலோ அழுத்தம் வேண்டும். மூட்டையின் முன்பக்கத்தைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து, பின்னாலுள்ள வளையங்களில் கட்டுவது மற்றொரு வழி. அப்போது கயிறு மூட்டையை நேராகவே பின்னுக்கு இழுக்கிறது; 11 கிலோ இழுப்பே போதும். நான்கில் ஒரு பங்கு முயற்சியில் அதே பயன் கிடைக்கிறது.

ஆகவே, வளையம் எத்தனை வலிமையானது என்பதைப் போலவே, எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியமாகிறது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு வளையங்கள் வேண்டும். முன்பக்கத்தைச் சுற்றிய கயிறு பின் வளையங்களுக்கும், பின்பக்கத்தைச் சுற்றிய கயிறு முன் வளையங்களுக்கும் வர வேண்டும். இதோடு, மேலிருந்து கீழே அழுத்தும் கட்டும் தேவை. பள்ளத்திலும் வேகத்தடையிலும் வண்டி துள்ளும்போது மூட்டை ஒரு கணம் எடையற்றதாகிவிடும். எடை நீங்கினால் உராய்வும் நீங்கும். நான் கண்ட நாட்காட்டிக் கட்டு அந்த ஒரு கணத்தில்தான் இடம் பெயர்ந்தது. மேற்கட்டு படுக்கையாகச் சாய்ந்திருந்தால் பயன் குறையும். தரைக்கு 30 பாகைச் சாய்வில் உள்ள கயிறு தன் இழுப்பில் பாதியைத்தான் கீழ்நோக்கிச் செலுத்தும். 60 பாகையில் நூற்றுக்கு 87 பங்கு செலுத்தும். ஆதலால் மேற்கட்டுக்கான வளையங்கள் மூட்டையின் அடியை ஒட்டி, தாழ்வாக இருத்தல் வேண்டும்.

இனி, வளையத்தை எதில் பொருத்துவது? வண்டியின் எலும்பு எது, தோல் எது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். குழாய்ச் சட்டம் உள்ள வண்டியில் குழாயே எலும்பு. அதைச் சுற்றிப் பட்டை போன்ற கிளிப்பை வைத்து, உட்புறம் ரப்பர்த் துண்டு கொடுத்து, போல்ட்டால் இறுக்கலாம். வெஸ்பா வகையில் தகடே எலும்பு. அங்கே கேரியருக்கென்று முன்பே அமைந்த துளைகளையே பயன்படுத்த வேண்டும். அத்துளையில் உள்ள போல்ட்டை எடுத்துவிட்டு, அதே கனமும் அதே மரைச் சுற்றும் உள்ள வளையப் போல்ட்டை இடலாம். தகட்டின் இருபுறமும் அகன்ற வாசர் வைத்தால் இழுப்பு ஓரிடத்தில் குவியாமல் பரவும். அதிர்வில் கழலாத பூட்டு மரையைப் பயன்படுத்துவது நன்று. இக்காலத்து ஸ்கூட்டர்கள் பலவற்றின் வெளிப்புறம் பிளாஸ்டிக். அது தோல் மட்டுமே. மழையையும் சேற்றையும் தடுக்குமே தவிர மூட்டையைத் தாங்காது. அதனடியில் உள்ள எஃகுச் சட்டத்தையோ, அச்சட்டத்தோடு இறுக்கப்பட்ட பின் கைப்பிடியையோ தேடிக் காண வேண்டும்.

செய்யத் தகாதவையும் சில உண்டு. புதிதாகத் துளையிடுதல் கூடாது. துணியில் விழுந்த சிறு கிழிசல் பெருகுவதுபோல, அதிரும் தகட்டில் இட்ட துளையின் ஓரத்திலிருந்து விரிசல் தொடங்கும். துருவும் அங்கேயே பிடிக்கும். பெட்ரோல் டாங்கியின் அருகில் வெல்டிங் வைப்பது உயிருக்கே கேடு. டாங்கி காலியாக இருந்தாலும் அதனுள் இருக்கும் ஆவி வெடிக்கும். மட்கார்டு, பின்விளக்கு, எண் பலகை, சைலன்ஸர் ஆகியவற்றில் கயிறு கட்டுதல் ஆகாது. கயிற்றின் ஒரு முனையை வண்டியின் உடலிலும் மறுமுனையை சக்கரத்தோடு ஏறி இறங்கும் பாகத்திலும் கட்டுவதும் பிழை. ஒவ்வொரு குலுக்கலிலும் அக்கயிறு தளர்ந்து தளர்ந்து இறுகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கழற்றி எடுக்கக்கூடிய கிளிப்பே பாதுகாப்புக்கும் ஏற்றது. சட்டத்தோடும் முரண்படாமல் இருப்பதற்கு உகந்தது.

வளையத்தைப் பொருத்தியபின் வண்டியை அழுத்திப் பார்த்து, போல்ட்டின் முனை சக்கரத்தைத் தொடவில்லை என்று உறுதி செய்துகொள்க. பிறகு மரையின் மேலும் அதையொட்டிய தகட்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு வண்ணம் பூசி வைக்கவும். பின்னொரு நாள் அக்கோடு விலகியிருந்தால் மரை தளர்ந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் அறியலாம்.

சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர்க் கயிறு நம் ஊர்களில் எங்கும் உண்டு. அது கட்டின் தளர்ச்சியை எடுப்பதற்கு உதவும்; சுமையைத் தாங்குவதற்கு உதவாது. இழுத்தால் நீள்வது அதன் இயல்பல்லவா? மேலும், இழுத்த ரப்பரில் சக்தி சேர்ந்திருக்கிறது. கொக்கி நழுவினால் அது முகத்தை நோக்கித் தெறிக்கும். கண்ணிழக்கும் அபாயம் உண்டு. நீளாத கயிறோ நெய்த பட்டையோ சுமையைப் பிடிக்கட்டும். ரப்பர் அதற்குத் துணையாக மட்டும் இருக்கட்டும். கயிற்றின் மிச்ச முனையைச் செருகி வையுங்கள். தொங்கும் முனை சக்கரத்தில் சுற்றினால் வண்டி அந்த இடத்திலேயே கவிழும்.

எத்தனை நன்றாகக் கட்டினாலும், சுமை இருக்கும் இடம் தவறானால் பயனில்லை. இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 120 சென்டிமீட்டர் உள்ள ஸ்கூட்டரில், பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் 30 கிலோ மூட்டை இருப்பதாகக் கொள்வோம். நெம்புகோல் கணக்குப்படி முன் சக்கரத்தின்மேல் உள்ள எடை ஏழரை கிலோ குறைந்துவிடும். முன் சக்கரம் இலேசானால் கைப்பிடி சொன்னபடி கேட்காது. எனவே மூட்டை தாழ்வாகவும் பின் அச்சுக்கு அருகிலும் இருக்க வேண்டும்.

நம் வட்டாரத்துச் சுமைகள் மூன்றை எடுத்துக்கொள்வோம். 15 கிலோ எண்ணெய் டின் நிறைந்திருந்தால் அடங்கியிருக்கும். பாதி குறைந்த டின்னிலோ எண்ணெய் அலைபாய்ந்து வண்டியையும் அலைக்கும். டின்னின் கூரிய விளிம்பு கயிற்றை அறுக்கும். விளிம்பில் சாக்குத் துண்டு வைத்துக் கட்ட வேண்டும். அச்சடித்த தாள் பார்வைக்குச் சிறிது, எடையோ பெரிது. ஏ4 அளவில் 75 கிராம் தாள் 500 கொண்ட ஒரு ரீம் ஏறக்குறைய 2.3 கிலோ, பத்து ரீம் 23 கிலோ. வழவழப்பான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ஆதலால் முதலில் கட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஒரே உடலாக்கிக்கொண்டு, பின்னரே வண்டியில் கட்ட வேண்டும். மூன்றாவது, காலித் தீப்பெட்டிச் சாக்கு. அது எடையற்றது, ஆனால் காற்றுக்குப் பாய் விரித்தது போன்றது. அரை சதுர மீட்டர் பரப்புள்ள சாக்கின்மேல் 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காற்று, ஏறக்குறைய 4 கிலோ விசையுடன் தள்ளும். பின்விளக்கை அது மறைத்தால் பின்னால் வருபவருக்கு வண்டி இருப்பதே தெரியாது. அச்சாக்கை அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலோ, வீட்டில் அமர்ந்து பெட்டி ஒட்டியவரின் ஒரு நாள் உழைப்பு நசுங்கிவிடும். அகன்ற பட்டையால் மென்மையாகப் பல இடங்களில் கட்டுவதே அதற்குரிய முறை.

நான்காவது சுமை ஒன்று உண்டு. அதைக் கட்டுவதற்கு முறை சொல்லப் போவதில்லை. கட்டாதீர்கள் என்பதே சொல்ல வேண்டியது. பட்டாசும் அதற்குரிய மருந்தும் உராய்வாலும் மோதலாலும் வெப்பத்தாலும் தீப்பற்றுபவை. ஸ்கூட்டரிலோ அதிர்வும் உராய்வும் ஓயாமல் உண்டு; கொதிக்கும் சைலன்ஸர் ஒரு முழத்தில் இருக்கிறது; பெட்ரோல் அதைவிட அருகில் இருக்கிறது. வலிமை வாய்ந்த வளையம் இந்த அபாயத்தை ஒரு சிறிதும் குறைக்காது. வெடிபொருள்களைக் கொண்டு செல்வது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்டது. அதற்கென அமைந்த வண்டியில் அது செல்லட்டும். 'பக்கத்துக் கிராமம்தானே, ஒரு பெட்டிதானே' என்று எவரேனும் உங்களிடம் கொடுத்தால், மறுத்துவிடுவதில் வெட்கமில்லை.

மாணவ நேயர்களே, உங்களுள் பலர் பள்ளி முடிந்த மாலையில் தந்தையாருக்கோ அண்ணனுக்கோ சுமை கட்ட உதவுகிறவர்களாக இருக்கலாம். அடுத்த முறை கயிற்றைக் கையில் எடுக்குமுன், வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்து பாருங்கள். எது எலும்பு, எது தோல் என்று விரலால் தட்டிக் கேளுங்கள். வளையத்தை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள், அசைந்தால் கட்டாதீர்கள். புறப்பட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டர் சென்றதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, மறுபடியும் ஒரு முறை கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். குலுக்கலில் மூட்டை படிந்துவிடும். படிந்த மூட்டையில் கயிறு தளர்ந்திருக்கும். இதற்கு வேண்டியது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் பின்னால் லாரியை ஓட்டி வருபவருக்கும் நாம் செலுத்தும் கடமையாகும்.