மழைநீரில் ஏறிய கப்பல்

பூமிசாத்திர வகுப்பில் பனாமாக் கால்வாயைக் கரும்பலகையிலே வரையும்போது, இரு சமுத்திரங்களுக்கும் நடுவே ஒரு நேர்கோட்டை இழுத்துவிடுவது என் வழக்கம். “நிலத்தை வெட்டினார்கள், கடல்நீர் புகுந்தது, கப்பல் போகிறது” என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். சென்ற மார்கழி விடுமுறையில் தமையனார் குடும்பத்தோடு ஓர் உல்லாசக் கப்பலில் அக்கால்வாயைக் கடந்தபோதுதான் நான் கற்பித்தது எத்துணைப் பிழை என்பது விளங்கிற்று.

விடியற்காலையில் அத்திலாந்திக் கரையிலுள்ள கொலோன் நகரை அணுகினோம். பசுபிக் சமுத்திரத்துக்குப் போகும் கப்பல் மேற்கே அன்றோ திரும்பவேண்டும்? எங்கள் கப்பல் தென்கிழக்கே சென்றது. பனாமா நிலம் வளைந்து கிடப்பதால் பசுபிக் வாயில் மற்ற வாயிலுக்குக் கிழக்கே அமைந்திருக்கிறது. மாணவர்கள் தேசப்படத்தை எடுத்துப் பார்ப்பார்களாக.

சற்று நேரத்தில் எதிரே மூன்று பெருந்தொட்டிகள் படிக்கட்டுப்போலத் தோன்றின. இவற்றையே லொக் என்கிறார்கள். முதலாவது தொட்டியுள் நாங்கள் புகுந்ததும் பின்னால் இரும்புக் கதவுகள் மூடிக்கொண்டன. தொட்டியின் அகலம் 33.5 மீற்றர், கப்பலின் அகலமோ 32 மீற்றருக்குச் சற்று மேல். இரு கரையிலும் தண்டவாளத்தில் ஓடும் மின்சார இயந்திரங்கள் இரும்பு வடங்களால் கப்பலைச் சுவரில் மோதாமற் பிடித்து வந்தன. அவற்றுக்கு இட்ட பெயர் ‘கோவேறு கழுதைகள்’!

பின்னர் நீர் உயர்ந்தது. அதனோடு கப்பலும் நாங்களும் உயர்ந்தோம். நீரிறைக்கும் இயந்திரம் எதுவும் அங்கில்லை. மேலேயுள்ள கட்டூன் ஏரியின் நீர் தன் பாரத்தினாலேயே சுரங்கக் குழாய்களின் வழியாக இறங்கித் தொட்டியை நிரப்புகிறது. இவ்வாறு மூன்று படிகளில் 26 மீற்றர் ஏறி ஏரியை அடைந்தோம். சாக்ரெஸ் ஆற்றுக்கு அணைகட்டி மழைநீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரி இது. கப்பல் கடப்பது மலைநாட்டின் மேலே நிற்கும் நன்னீரில், கடல்நீரில் அன்று.

ஒரு கப்பல் கடந்து செல்ல ஏறத்தாழ 20 கோடி லீற்றர் நன்னீர் கடலிற் சேர்கிறது. பனாமா நகரத்தாரும் கொலோன் நகரத்தாரும் குடிப்பதும் இதே ஏரிநீரைத்தான். 2023 இல் மழை பொய்த்தபோது, நாளொன்றுக்கு 36 அளவில் இருந்த கப்பல்களின் தொகையை 24 ஆகக் குறைக்க நேர்ந்தது.

ஏரியைக் கடந்ததும் குலேப்ரா என்னும் மலைவெட்டு. நான் வகுப்பில் சொன்ன ‘வெட்டு’ உண்மையில் இந்தப் 13 கிலோமீற்றர்தான். உயிர்களை அதிகமாகத் தின்றதும் இதுவே. சுயெஸ் கால்வாயை அமைத்த லெசெப்ஸின் பிரெஞ்சுக் கம்பனி 1881 இல் இங்கே வேலை தொடங்கி, நுளம்பு பரப்பிய மஞ்சட் காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொடுத்து, 1889 இல் முறிந்தது. அமெரிக்கர் நுளம்பை அடக்கிய பின்னரே மண்ணை வென்றனர். கால்வாய் 1914 ஆகத்து 15 இல் திறக்கப்பட்டது. அவர்கள் காலத்திலும் பதிவான மரணங்கள் 5,609. இறந்தோரிற் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்.

எங்களுக்கு விளக்கம் கூறிவந்த பனாமாப் பெண்மணியின் பூட்டனாரும் பார்படோஸ் தீவிலிருந்து மண்வெட்ட வந்தவராம். அமெரிக்கருக்குப் பொன் நாணயத்திலும் இவர்களுக்கு வெள்ளி நாணயத்திலும் சம்பளம். உணவுச்சாலையும் தபாற்கந்தோர்ச் சாளரமுங்கூட வேறு வேறு. “வேலை முடிந்தபின் ஊர் திரும்பவில்லையா?” என்று கேட்டேன்.

“திரும்பப் பணம் சேரவில்லை,” என்றார் அவர், மலைச்சரிவைப் பார்த்தபடியே. 1999 திசெம்பர் 31 ஆந் திகதி கால்வாய் பனாமாவுக்கு உரித்தானபோது, தம் பாட்டியார் அழுதாராம். கேட்ட எனக்கு வேறு கேள்வி எழவில்லை.

பிற்பகலில் மிராபுளோரெஸ் தொட்டிகளை நெருங்கும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. புகைப்படம் கெட்டதே என்று பயணிகள் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே ஓடினர். தமையனாரும் என் கையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மையார் மட்டும் கைப்பிடிச் சட்டத்தைப் பற்றியவாறு நனைந்துகொண்டு நின்றார்.

“இன்னுஞ் சில நாளில் மாரி முடிந்துவிடும்,” என்றார். “பிறகு மே மாதம் வரை இந்த ஏரியில் உள்ளதைக்கொண்டுதான் கப்பலும் ஓடவேண்டும், வீட்டில் உலையும் வைக்கவேண்டும். பெய்யட்டும், ஐயா.”

கீழே கடைசிக் கதவுகள் மெல்லத் திறந்தன. எங்களை இறக்கிவிட்ட ஏரிநீர் பசுபிக்கின் உப்புநீரிற் கலந்து மறைந்தது.